ஒல்லாந்துக்காரருக்கு நான் எழுதிய அறிமுகவுரை

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் உதைபந்தாட்டப் போட்டிக்கு அந்த வருடம் பிரதம விருந்தினர் அகப்படவில்லை. ஆக்லாந்தில் உள்ள தமிழ்ப் பல் வைத்தியர், தமிழ்க் கணக்காளர், வீடு விற்றுக் கொடுக்கும் தமிழர் எல்லோருக்கும் ஏற்கெனவே பொன்னாடை போர்த்தி முடிந்துவிட்டது. சிலருக்கு இரண்டு தரம். இவர்களுக்கும் உதைபந்தாட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை. பல் வைத்தியர் பந்தை உதைத்துப் போட்டியைத் தொடக்கி வைத்தபோது, பந்து அவருடைய சப்பாத்தின் ஓரத்தில் பட்டுப் பின்பக்கமாகப் போனது. நாங்கள் கைதட்டினோம்.

நான் சங்கத்தின் செயலாளர். மைதானம் பிடிப்பதும், மைக் பிடிப்பதும், விழா மலர் வெளியிடுவதும், விருந்தினருக்கு அறிமுகவுரை எழுதுவதும் என் வேலை. அறிமுகவுரையில் எனக்குக் கைராசி இருப்பதாக ஒரு பெயர் உண்டு. நான் எழுதினால் யாரும் சாதாரணமாகப் பிறக்க மாட்டார்கள். எல்லோரும் இளமையிலேயே தலைமைத்துவப் பண்புகளுடன் விளங்குவார்கள். கணக்காளருக்கு நான் எழுதியதைக் கேட்டு அவருடைய மனைவியே யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தாராம்.

எங்கள் தலைவருக்கு உதைபந்தாட்டம் என்றால் உயிர். ஊரில் பாடசாலை அணியில் ஆடியவர். இறுதிப் போட்டியில் அவர் அடித்த கோலைப் பற்றி நான் முதன்முதல் கேட்டபோது, அது கோலுக்கு மிகக் கிட்டவாக நின்று அடித்ததாக இருந்தது. வருடத்துக்கு வருடம் அது பின்னால் நகர்ந்து இப்போது நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது. இன்னும் சில வருடம் விட்டால் தன்னுடைய கோல் கம்பத்தடியிலிருந்தே அடித்திருப்பார். மனிதர் நல்லவர், உபகாரி. அதை மறைக்கக் கூடாது.

விருந்தினர் இல்லையென்று எல்லோரும் முழித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒருவர் ஞாபகம் வந்தார். ஒவ்வொரு நாளும் காலையில் என் காரில் ஏறுகிறவர் அவர்.

எனக்கு வீடு பாபடோயிட்டோயில், வேலை புக்கெகோஹியில். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் கழுவி, தரம் பிரித்து, பெட்டியில் போடுகிற பக்ஹவுஸ் ஒன்றில் நான் மேற்பார்வையாளர். அங்கே இயந்திரங்களைத் திருத்துகிறவர் ஓர் ஒல்லாந்துக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர். அவருடைய வீட்டில் ஒரே கார். தாதியாக இருக்கும் மனைவி அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதனால் நான் போகிற வழியில் தகனினியில் அவரை ஏற்றிக்கொள்வேன். மோட்டார்வேயில் கார்கள் ஊரும்போது அவர் தன் கதையைத் துண்டுதுண்டாகச் சொல்வார்.

அவர் பதினொரு வருடம் சம்பளத்துக்கு உதைபந்து ஆடியவர். பெரும்பாலும் இரண்டாம் பிரிவில். நடுவில் ஒரேயொரு பருவம் முதலாம் பிரிவில் இருந்தார்; அதிலும் பாதி நாள் மாற்று ஆட்கள் இருக்கிற வாங்கில். நடுக்கள வீரர், அதுவும் பின்தள்ளி நிற்கிற நடுக்களம். ஓடி வருகிறவனிடம் பந்தைப் பறித்து, விளையாடத் தெரிந்தவனிடம் கொடுப்பது தன் வேலை என்பார். மொத்தம் நாலு கோல். அதில் ஒன்று முதுகில் பட்டுப் போனது. இளைஞராக இருந்தபோது ஒருமுறை இளையோர் தேசிய அணிக்கு மேலதிக ஆளாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். போட்டி முழுவதும் வாங்கில் இருந்துவிட்டு வந்தார். நாட்டின் சின்னம் போட்ட மேற்சட்டை ஒன்று கொடுத்தார்களாம். மாலையில் எண்ணித் திருப்பி வாங்கிக்கொண்டார்களாம்.

பிறகு முழங்கால் போனது. அவர் ஆடிய கழகத்தின் பின்பக்கத்தில், கார் நிறுத்துகிற இடத்தில் வைத்து, அடுத்த பருவத்துக்கு நீ இல்லை என்று சொல்லி, அவருடைய சப்பாத்துகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். இதைச் சொன்னபோது அவருடைய குரலில் ஒரு மாற்றமும் இல்லை. கவலையாக இருக்கவில்லையா என்று கேட்டேன்.

“எதற்குக் கவலை? பதினொரு வருடத்தில் வேலை சரியில்லை என்று ஒருநாளும் என்னை நிறுத்தியதில்லை. முழங்கால்தான் நிறுத்தியது” என்றார்.

இப்படித் தன்னைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்கிற ஒருவரை நான் எங்கள் ஆட்களுக்குள் கண்டதில்லை. என்னையும் சேர்த்துத்தான். அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பிரதம விருந்தினராக வரச் சொல்லிக் கேட்டபோது அவர் உடனே சம்மதிக்கவில்லை. ஆக்லாந்துக்கு வந்த புதிதில் நகரத்தின் வடக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் சொல்லிக்கொடுத்தாராம். அந்தப் பள்ளிக்காரர்கள் இவரைக் கேட்காமலே, நெதர்லாந்துத் தேசிய அணியில் ஆடியவர் என்று விளம்பரம் போட்டுவிட்டார்கள். ஒரு பிள்ளையின் தகப்பன் தேடிப் பார்த்துவிட்டு, மைதானத்துக்கு வந்து, பிள்ளைகளுக்கு முன்னால் இவரைப் பொய்யன் என்று சொல்லியிருக்கிறார். அன்றோடு அந்த வேலையை விட்டவர். இப்போதுதான் மறுபடி துணிந்து, பாபடோயிட்டோயில் ஒரு சின்னக் கழகத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுமிகளுக்குப் பயிற்சியாளராக விண்ணப்பித்திருந்தார். முடிவு இன்னும் வரவில்லை.

“இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவதை யாரும் படிக்கலாம். எனக்கு உண்மையாகத் தெரிந்தது அந்த ஒன்றுதான்” என்றார். “என்னைப் பற்றி நடந்ததை மட்டும் சொல்வதென்றால் வருகிறேன். ஒன்றும் கூட்டக் கூடாது.”

நான் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்துச் சத்தியம் செய்தேன்.

நடந்ததை மட்டும் எழுதினால் அது ஆறு வரியில் முடிந்துவிட்டது. தலைவர் அந்த ஆறு வரியையும் தன் வீட்டு மேசையில் வைத்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

“தம்பி, பதினொரு வருஷத்தில நாலு கோலோ?”

“அவர் கோல் அடிக்கிற ஆளில்லை அண்ணை. பந்தைப் பறிச்சுக் குடுக்கிற ஆள்.”

“பறிச்சுக் குடுக்கிறதுக்கு நாங்கள் பொன்னாடை போத்துறதோ?”

தலைவர் விரலால் வரிகளை எண்ணினார்.

“பல் டொக்டருக்கு ஒண்டரைப் பக்கம் போட்டனாங்கள். ஒல்லாந்தர் எங்கட யாழ்ப்பாணத்தில கோட்டை கட்டின ஆக்கள். அந்த ஆக்களில ஒராளைக் கூப்பிட்டிட்டு ஆறு வரி போட்டால் சனம் என்ன நினைக்கும்? தேசிய அணிக்குக் கூப்பிட்டவங்கள் எண்டு நீர்தானே சொன்னனீர்?”

“வாங்கில இருக்கக் கூப்பிட்டவங்கள். அதுவும் இளையோர் அணி.”

“வாங்கும் அணிக்குள்ளதான் கிடக்கு. கொஞ்சம் வடிவா எழுதும்.”

கோட்டையைக் கட்டியவர்கள் எங்களை எப்படி நடத்தினார்கள் என்பது தலைவருக்கு நினைவில் இல்லை. கோட்டை மட்டும்தான் நினைவில் இருந்தது. நானும் அதைக் கிளறவில்லை. வீட்டுக்கு வந்து கணினிக்கு முன்னால் இருந்து “இளையோர்” என்ற சொல்லை எடுத்தேன். ஒரு சொல்தானே என்று நினைத்தேன். அதை எடுத்ததும் வாங்கு தனியாக நின்று அசிங்கமாகத் தெரிந்தது, அதையும் எடுத்தேன்.

முதல் பொய்க்குத்தான் தலைவர் பொறுப்பு. மற்றதெல்லாம் என் சொந்த உழைப்பு. நாலு கோல் “எண்ணற்ற கோல்கள்” ஆனது. முதலாம் பிரிவில் இருந்த ஒரு பருவம் பதினொரு வருடத்தையும் விழுங்கியது. முழங்கால் சுகமாகிவிட்டது; ஐரோப்பாவின் பெரிய கழகங்கள் வருந்தி அழைத்தும், நியூசிலாந்தின் இயற்கை எழிலில் மனதைப் பறிகொடுத்து அவர் இங்கே வந்துவிட்டார். “நெதர்லாந்தின் நடுக்களத்தைத் தன் தோளில் சுமந்த கோமகன்” என்ற வரியை எழுதியபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. இதை மறைப்பதில் பயனில்லை: எழுதும்போது நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

என் மனைவி தேநீரோடு வந்து தோளுக்கு மேலால் வாசித்தாள்.

“உங்கட மாமா உங்களைப் பற்றி எங்கட வீட்டை கலியாணம் பேச வந்து சொன்னதும் உப்பிடித்தான்” என்றாள்.

“அந்தாளுக்குத் தமிழ் தெரியாது. ஆருக்கு என்ன நட்டம்?”

“எனக்கும் அப்ப உங்களைத் தெரியாதுதானே” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மலரை வடிவமைத்துக் கொடுத்தவர் மதுரைக்காரர், கணினித் துறையில் வேலை செய்கிறவர். எங்கள் சங்கத்தில் உறுப்பினரும் இல்லை. நல்ல மனதோடு செய்து தருகிறவர். அவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“சார், படம் ஏதாவது கிடைக்குமான்னு நெட்ல தேடிப் பாத்தேன். நேஷனல் டீம் லிஸ்ட்ல இவர் பேரு இல்லையே. ஒரு தடவ அவர்கிட்ட பேசிப் பாத்துடலாமா?”

“நான் கதைச்சிட்டன். சரியாத்தான் கிடக்கு. நீங்கள் போடுங்கோ” என்றேன்.

“ஆமா, நீங்க கூடவே இருக்கறவரு. உங்களுக்குத் தெரியாததா” என்றார் அவர். என்னைத் தடுக்க வந்த கடைசி ஆளையும் அப்படி மரியாதையாக வழியனுப்பி வைத்தேன்.

போட்டி நாளில் நல்ல காற்று. குத்துவிளக்கை ஏற்ற ஏற்ற அணைந்தது. கடைசியில் நாலு பேர் சுற்றி நின்று மறைத்து, ஏற்றியதாக வைத்துக்கொண்டோம். நான் மைக்கில் அறிமுகவுரையை வாசித்தேன். கோமகன் என்ற இடத்தில் சனம் கைதட்டியது. ஒல்லாந்துக்காரர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். நாலு கோலுக்கு இவ்வளவு மரியாதை தருகிற சனங்களா என்று நினைத்திருப்பார். பொன்னாடை போர்த்தியபோது கண் கலங்கியிருந்தது. நான் அடுத்ததாகத் தலைவரைப் பேச அழைத்தேன்.

நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் ஆட்டத்தில் பத்து நிமிடம் ஆடும்படி அவரைக் கேட்டார்கள். அவர் ஓடவில்லை. முழங்கால் விடாது. நடுவில் நின்று, வந்த பந்தை ஒரு தட்டுத் தட்டிப் பக்கத்தில் நின்றவனுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பத்து நிமிடமும் எங்கள் தொந்திக்காரர்கள், ஒருவர் மேல் ஒருவர் விழாமல், ஓர் அணியைப் போல ஆடினார்கள். அதை யாரும் கவனிக்கவில்லை. “கோமகன் ஒரு கோலும் போடேல்லையே” என்று எனக்குப் பின்னால் ஒருவர் சொன்னார். “வயசு போட்டுது போல.”

திங்கட்கிழமை காலையில் அவர் காரில் ஏறியபோது கையில் மலர் இருந்தது. இருக்கைப் பட்டியைப் போட்டுக்கொண்டு, தொலைபேசியை அந்தப் பக்கத்துக்கு மேலே பிடித்து என்னிடம் காட்டினார். படம் பிடித்தால் மொழிபெயர்க்கிற வசதி. என் தமிழெல்லாம் ஆங்கிலமாகிக் கண்ணாடி போலத் தெரிந்தது. அரைகுறையாக மாற்றியிருந்தாலும் பரவாயில்லை. அந்தச் சனியன் சரியாக மாற்றியிருந்தது.

“இது யார்?” என்று கேட்டார்.

“எங்கள் வழக்கம் அப்படி. விருந்தினரை உயர்த்தித்தான் சொல்வோம். மரியாதைக்காக.”

“நான் செய்ததில் மரியாதைக்குப் போதுமானது ஒன்றும் இல்லையா?”

நான் காரை மோட்டார்வேயில் ஏற்றினேன்.

அந்தப் பக்கத்தைத் தலைவர் சங்கத்தின் முகநூலிலும் போட்டிருந்தார். நாங்கள் போட்டி நடத்தியது, அவர் விண்ணப்பித்திருந்த அந்தச் சின்னக் கழகத்தின் மைதானத்தில். அவர்கள் எங்கள் பக்கத்தைப் பார்க்காமல் இருப்பார்களா? அந்தக் கிழமையே கழகத் தலைவி இவரை விளக்கம் சொல்லக் கூப்பிட்டார். வடக்குப் பக்கத்துக் கதையும் அதற்குள் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. ஒல்லாந்துக்காரர் என்னிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

“என்னோடு வந்து, நான் இதைச் சொல்லவில்லை என்று சொல். அது போதும்.”

இதைக் கேள்விப்பட்டுத் தலைவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“ஃபோன் பிழையா மாத்திப் போட்டுது எண்டு சொல்லும். தமிழில அப்பிடி இல்லை, இங்கிலீசில பிழைச்சுப் போச்சு. அவருக்கும் பிரச்சினையில்லை, எங்களுக்கும் பிரச்சினையில்லை. அடுத்த வருஷமும் அவையளிட்டத்தான் கிரவுண்ட் கேக்க வேணும், கண்டீரோ.”

“ஓம் அண்ணை” என்றேன். எனக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது.

சனிக்கிழமை முற்பகல் கழகத்துக்குப் போனோம். தலைவி ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. தேநீர் ஊற்றித் தந்தார். இந்த நாட்டில் கடினமான கதைக்கு முன்னால் தேநீர் வரும். நான் என் மிகச் சிறந்த ஆங்கிலத்தில், தமிழ் மிகப் பழைய மொழி, அதைத் தொலைபேசி மொழிபெயர்க்கும்போது இப்படியான பிழைகள் நேர்வது இயல்பு என்று விளக்கினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒல்லாந்துக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தது தெரிந்தது. நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

தலைவி மேசைமேல் இருந்த ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். கையால் எழுதிய ஆங்கிலம். கழகத்தில் ஆடுகிற ஒரு தமிழ்ச் சிறுமியின் தாயிடம் கொடுத்து மொழிபெயர்ப்பித்திருக்கிறார்கள். கோமகன் வரைக்கும் ஒரு சொல் பிசகாமல் எழுதியிருந்தாள் அந்தப் புண்ணியவதி.

அதற்குப் பிறகு நான் உண்மையைச் சொன்னேன். எல்லாவற்றையும். அவர் நடந்ததை மட்டும் எழுதச் சொன்னதையும், நான் சத்தியம் செய்ததையும், முதலில் எழுதிய ஆறு வரியையும், இளையோர் என்ற சொல்லை எடுத்ததையும். என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக நான் எதையும் சொன்னதில்லை.

தலைவி கடைசிவரை கேட்டார்.

“உங்களுக்குப் பிடித்த ஒரு மனிதரைப் பற்றி, ஒரு தேவையுமில்லாமல், இவ்வளவு பொய் எழுதியிருக்கிறீர்கள். சற்று முன்னர் என்னிடமும் ஒரு பொய் சொன்னீர்கள். இப்போது சொன்னது மட்டும் உண்மை என்று நான் எதை வைத்து நம்புவது?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே பதில் தெரிய வேண்டும் என்பதுபோலத்தான் கேட்டார்.

நூறு பேருக்கு அறிமுகவுரை எழுதிய நான் அந்தத் தாளை மடித்து அவர் பக்கம் தள்ளினேன்.

ஒரே மனிதரைப் பற்றி இரண்டு இடத்தில் ஒரே பொய் வந்திருக்கிறது, பிள்ளைகளின் பெற்றோருக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டும், மன்னிக்க வேண்டும் என்று தலைவி அவரிடம் சொன்னார். ஒல்லாந்துக்காரர் எழுந்து கைகொடுத்து நன்றி சொன்னார். வெளியே வரும்போது சிறுமிகள் பந்தோடு முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே பந்துக்குப் பின்னால். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு என் காரில் ஏறினார்.

சங்கத்தில் தலைவர் என்னோடு ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அது பெரிய விஷயமில்லை. ஒல்லாந்துக்காரர் இப்போதும் என் காரில்தான் வருகிறார். வேறு வழியில்லை அவருக்கு. காலை வணக்கம் சொல்வார், மழை வருமா என்பதைப் பற்றிக் கதைப்பார், இறங்கும்போது நன்றி சொல்வார். என்னை ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். நான் மூன்று தரம் மன்னிப்புக் கேட்டேன். மூன்று தரமும் சரி என்றார். உதைபந்தாட்டத்தைப் பற்றி மட்டும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை.

போன மாதம் பக்ஹவுசுக்குப் புதிதாக ஒருவர் சேர்ந்தார், சமோவாக்காரர், பந்தென்றால் பைத்தியம். இவர் ஐரோப்பாவில் ஆடியவர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தேநீர் இடைவேளையில் கோப்பையோடு எங்கள் மேசைக்கு வந்து இருந்து, எங்கே ஆடினீர்கள், எத்தனை வருடம், எந்த இடத்தில் நின்றீர்கள் என்று ஆசையாகக் கேட்டார். ஒல்லாந்துக்காரர் பாண் துண்டை மென்று விழுங்கிவிட்டு என்னைக் கையால் காட்டினார்.

“இவரைக் கேளுங்கள். அதெல்லாம் இவருக்குத்தான் தெரியும்” என்றார்.

அவர் சிரிக்கவில்லை. புதியவர் கதிரையை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.